பழைய காரின் ஜாதகம் எவ்வளவு உண்மை?

சென்ற ஆண்டு என் தமக்கை மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலிருந்து எனக்கு ஓர் அறிக்கையை அனுப்பியிருந்தான். மேற்படிப்புக்காகச் சென்றவன். தங்கும் இடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே பேருந்து வசதி போதவில்லை. ஆகவே ஏழாயிரம் டாலர் விலையில் பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். அந்த ஏழாயிரமும் இங்கே வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்து வாங்கிய கல்விக் கடனில் ஒரு பகுதி என்பது எனக்குத் தெரியும்.

அறிக்கை ஒன்பது பக்கம் இருந்தது. காரின் அடையாள எண், அது செய்யப்பட்ட ஆண்டு, இதுவரை எத்தனை பேர் கையில் இருந்தது, எந்தெந்தத் தேதியில் மீட்டர் எத்தனை மைல் காட்டியது என்றெல்லாம் அட்டவணை போட்டிருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் பச்சை நிறத்தில் 'சரி' என்னும் குறி. "மாமா, எல்லாம் சுத்தமாக இருக்கிறது அல்லவா? நாளைக்கு முன்பணம் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தான்.

நான் மோட்டார்த் தொழில் அறிந்தவன் அல்லன். ஆனால் அளவுக் கருவிகளோடும் பதிவேடுகளோடும் முப்பது ஆண்டு காலம் பழகியவன். ஆகையால் அந்த அறிக்கையை ஒரு காரைப் பற்றிய செய்தியாகப் படிக்காமல், ஓர் அளவுக் கருவி கொடுத்த விடையாகப் படித்தேன். கருவி எதை அளக்கிறது, எதை அளக்காது, எப்போது பொய் சொல்லும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முள் காட்டும் எண்ணை நம்பக்கூடாது என்பது ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம். வாகன வரலாற்று அறிக்கை என்னும் கருவியை அவ்வாறு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினேழு எழுத்துகள்

அறிக்கைக்கு அடித்தளம் வாகன அடையாள எண். நம் ஊரில் சேஸிஸ் எண் என்று சொல்வது இதைத்தான். 1981-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு காருக்கும் 17 இடங்கள் கொண்ட எண் கட்டாயமாக்கப்பட்டது. இதில் இலக்கங்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகள் மட்டும் வரமாட்டா; அவற்றை 1, 0 என்னும் இலக்கங்களோடு குழப்பிக்கொள்ளக் கூடும் அல்லவா? முதல் மூன்று இடங்கள் செய்தவர் யார் என்பதையும், பத்தாவது இடம் மாடல் ஆண்டையும், கடைசி இடங்கள் வரிசை எண்ணையும் குறிக்கும்.

ஒன்பதாவது இடம் சுவையானது. அது காரைப் பற்றி எதுவும் சொல்லாது. மற்றப் பதினாறு இடங்களும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று சோதிப்பதே அதன் வேலை. எழுத்துகளுக்கு ஈடாக இலக்கங்களைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் இடத்தையும் அதற்கு விதித்த எடையால் பெருக்க வேண்டும். எடைகள் முறையே 8, 7, 6, 5, 4, 3, 2, 10, 0, 9, 8, 7, 6, 5, 4, 3, 2. பெருக்கி வந்தவற்றைக் கூட்டி 11-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே ஒன்பதாவது இடத்தில் இருக்க வேண்டும். மீதி 10 ஆனால் 'எக்ஸ்' என்று எழுதுவார்கள். எழுத்தர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் பெரும்பாலும் கணக்கு இடித்துவிடும்.

மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். பதினேழு இடத்திலும் 1 என்றே எழுதிக்கொள்ளுங்கள். எடைகளின் கூட்டுத்தொகை 89. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்பதாவது இடத்திலும் 1 இருக்கிறது. ஆகவே இந்த எண் சோதனையில் தேறிவிட்டது! ஆனால் அப்படி ஒரு கார் உலகில் எங்கும் ஓடவில்லை. வடிவம் சரியாக இருப்பது வேறு, செய்தி உண்மையாக இருப்பது வேறு. இந்த வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஒன்பது பக்க அறிக்கை முழுவதற்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவில் இந்த அறிக்கைகள் தோன்றக் காரணம் மீட்டர் மோசடி. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது 1972-இல் அந்நாட்டின் மத்திய அரசுச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. 1986-இல் வந்த மற்றொரு சட்டம், கார் கைமாறும்போது மீட்டர் அளவை உரிமைப் பத்திரத்திலேயே எழுதச் செய்தது. இடையில் 1984-இல் மிசௌரி மாநிலத்தில் கார்ஃபாக்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கியது. மாநிலப் பதிவேடுகளிலிருந்து மீட்டர் அளவுகளைத் திரட்டி வியாபாரிகளுக்கு விற்பதே அதன் முதல் தொழில். இப்போது எக்ஸ்பீரியன் நிறுவனத்தின் ஆட்டோசெக் போன்றவையும் உள்ளன. அரசாங்கத்தின் பங்காக, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு தேசியப் பதிவு அமைப்பு உருவாயிற்று. பொதுமக்கள் அதைப் பார்க்க வழி பிறந்தது 2009-இல்தான். காப்பீட்டுக் கம்பெனிகளும், காயலான் கடைக்காரர்களும், உடைந்த கார்களை ஏலம் விடுபவர்களும் மாதம் ஒரு முறையாவது தங்கள் கைக்கு வந்த கார்களின் பட்டியலை இதற்குத் தர வேண்டும் என்பது சட்டம்.

இந்தத் தேசியப் பதிவால் ஒரு பெரிய மோசடி குறைந்தது. வெள்ளத்தில் மூழ்கிய கார் என்று ஒரு மாநிலத்தின் உரிமைப் பத்திரத்தில் முத்திரை விழுந்துவிட்டால், அந்த முத்திரை இல்லாத வேறு மாநிலத்துக்குக் காரைக் கொண்டுபோய் மறுபதிவு செய்து புதுப் பத்திரம் வாங்கிவிடுவார்கள். 'பத்திரத்தைச் சலவை செய்வது' என்று அந்நாட்டில் இதற்குப் பெயர். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் இந்தச் சலவைத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. தேசியப் பதிவில் ஒரு முறை ஏறிய முத்திரை, பின்னால் எந்த மாநிலம் பத்திரத்தை மாற்றினாலும் அங்கே நிலைத்திருக்கும்.

யார் சொல்வது?

இனி என் தமக்கை மகனின் அறிக்கைக்கு வருவோம். அதில் 'விபத்து' என்னும் தலைப்புக்கு எதிரே பச்சைக் குறியோடு எழுதியிருந்தது இது: "விபத்து எதுவும் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை." பையன் இதை "விபத்து நடக்கவில்லை" என்று படித்திருக்கிறான். அவன் மட்டும் அல்லன், அவசரத்தில் இருப்பவர் எல்லாருமே அப்படித்தான் படிப்பார்கள். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே ஏழாயிரம் டாலர் கிடக்கிறது.

தெரிவிக்க வேண்டியவர் யார்? காவல்துறை, காப்பீட்டுக் கம்பெனி, பழுது பார்க்கும் பட்டறை, ஏலக் கூடம், மாநிலப் பதிவு அலுவலகம். இவர்களில் எவரும் அறியாமல் ஒரு கார் நொறுங்க முடியுமா? தாராளமாக முடியும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான காப்பீடு மட்டுமே கட்டாயம். தன் காருக்கான காப்பீடு அவரவர் விருப்பம். காரின் வயது ஏற ஏறப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர் இரவில் தன் காரை ஒரு மரத்தில் மோதிவிட்டு, தெரிந்த பட்டறையில் ரொக்கம் கொடுத்து டிங்கரிங் வேலை முடித்துக்கொண்டால் எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட ஏறாது. வாடகைக் கார்க் கம்பெனிகளில் பலவும் தங்கள் வண்டிகளின் நஷ்டத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்பவை. காப்பீட்டுக் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கும் பேச்சே அங்கு எழாது. எல்லாப் பட்டறைகளும் இந்த நிறுவனங்களுக்குத் தகவல் தருவதும் இல்லை. அரசின் தேசியப் பதிவோ, முழு நஷ்டம் என்று கழிக்கப்பட்ட கார்களையே குறிவைக்கிறது. பழுது பார்த்து மறுபடி ஓட்டப்பட்ட சாதாரண விபத்துகள் அதன் வேலையே அல்ல.

நான் பச்சைக் குறிகளை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். கார் 2014 மாடல். ஹூஸ்டனிலேயே விற்கப்பட்டது. ஐந்து, ஆறு மாதங்களுக்கு ஒரு முறை தவறாமல் எண்ணெய் மாற்றிய குறிப்பு இருக்கிறது. கடைசிக் குறிப்பு 2017 ஜூன் மாதம். அதன் பின் பதினான்கு மாத காலம் ஒன்றுமே இல்லை. 2018-இல் வேறொரு மாநிலத்தில் புதிய உரிமையாளர் பெயரில் பதிவாகிறது. பிறகு ஹூஸ்டனுக்கே திரும்பி வருகிறது. 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் அந்த நகரை மூழ்கடித்தது என்பதைப் பலரும் அறிவார்கள். அறிக்கையில் எழுதப்பட்டிருந்த எதையும்விட, எழுதப்படாத அந்தப் பதினான்கு மாதம்தான் எனக்கு உறுத்தியது.

இடைவெளி என்பதே குற்றத்துக்குச் சான்று ஆகாது. உரிமையாளர் வெளியூர் போயிருக்கலாம். தானே எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரைக் காசு கொடுத்து அழைத்துப் போகும்படி எழுதினேன். "நூற்றைம்பது டாலர் தண்டம்" என்று பையன் முணுமுணுத்தான். மெக்கானிக் முன் இருக்கையின் சீட்-பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தாராம். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பு நிறக் கறை ஒரு கோடாகப் படிந்திருந்தது. ஸ்டெப்னி சக்கரம் வைக்கும் குழியின் மூலையில் வண்டல். இருக்கையின் அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு. தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிது. அத்தோடு பேரம் முடிந்தது.

அறிக்கை கொடுத்தவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. தங்களிடம் முழு வரலாறு இருக்காது, காரை நேரில் பரிசோதியுங்கள் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பச்சைக் குறியோ முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது. என் குறை இதுதான். 'தகவல் இல்லை' என்பதற்கு உரிய குறி சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். பச்சை பூசுவது விஞ்ஞான நேர்மை ஆகாது.

ஒரு சிறு கணக்கு

அப்படியானால் அறிக்கையால் பயனே இல்லையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் நான் எளிமைக்காக வைத்துக்கொண்டவை. புள்ளிவிவரம் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தையில் 100 கார்கள் நிற்கின்றன. அவற்றுள் 20 பலத்த அடிபட்டவை என்று கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், அடிபட்ட கார் அகப்படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அடிபட்டவற்றில் சரிபாதி, அதாவது 10 கார்கள், பதிவேட்டில் ஏறியிருக்கட்டும். அறிக்கை பார்த்து அவற்றை ஒதுக்கிவிட்டால் மீதி 90. இவை அனைத்துக்கும் அறிக்கை சுத்தமானதே. ஆனால் இவற்றுள் அடிபட்டவை இன்னும் 10 ஒளிந்திருக்கின்றன. வாய்ப்பு ஒன்பதில் ஒன்றாகக் குறைந்தது. இது நல்ல லாபம்தான்.

வெள்ளம் பாதித்த நகரில், காப்பீடு இல்லாதவர்கள் மிகுந்த பகுதியில், அடிபட்ட 20-இல் ஐந்து மட்டுமே பதிவாகியிருந்தால்? சுத்தமான அறிக்கையோடு நிற்பவை 95; அவற்றுள் ஒளிந்திருப்பவை 15. வாய்ப்பு ஆறில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. ஐந்தில் ஒன்றாக இருந்ததை ஆறில் ஒன்றாக்கிக்கொள்ளத்தான் பணம் கட்டியிருக்கிறோம். அறிக்கையின் தாளும் அச்சும் பச்சைக் குறியும் இரண்டு இடத்திலும் ஒன்றே. அதன் மதிப்பு மட்டும் வேறு. தகவல் எத்தனை பங்கு பதிவாகிறது என்பது தெரியாமல் அறிக்கையை எடைபோட முடியாது. அந்தப் பங்கையோ அறிக்கை சொல்வதில்லை.

கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த விபத்து பதிவாகிறது என்பது தற்செயலாக நடப்பதில்லை. பதிவானால் விலை இறங்கும் என்று அறிந்தவர்கள், பதிவாகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அறிக்கைக்கு மதிப்பு கூடக் கூட, அதில் ஏறாமல் தப்புவதற்கான ஆசையும் கூடுகிறது. சுத்தமான அறிக்கையை ஓடிவந்து நீட்டுபவர்களில், அது சுத்தமாக இருக்கக் காரணம் என்ன என்பதை நன்றாக அறிந்தவரும் இருப்பார்.

பழைய கார்ச் சந்தையின் இந்த நோயை முதலில் தெளிவாக ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகையால் வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் சராசரி விலையே கொடுக்க முன்வருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கமாட்டார், ஒதுங்கிவிடுவார். சந்தையில் சொத்தைகளே மிஞ்சும். அவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே. சில ஆய்விதழ்கள் முதலில் ஏற்க மறுத்த கட்டுரை இது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டுரை வெளிவரும் முன், 1967-68-இல் அவர் புது டில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தார் என்பதும், அக்கட்டுரையில் இந்தியக் கிராமக் கடன் சந்தையையும் ஓர் உதாரணமாகக் காட்டினார் என்பதும் நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். வரலாற்று அறிக்கை இந்த நோய்க்கு ஒரு மருந்து. ஆனால் வாங்குபவரின் அறியாமையை அது முழுதும் போக்குவதில்லை. ஒரு பகுதியைப் போக்கிவிட்டு, மீதியை மறக்கச் செய்கிறது. மருந்தின் பக்கவிளைவு என்று இதைச் சொல்லலாம்.

மீட்டர் சொல்லும் கணக்கு

மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். பல்லைப் பின்னுக்குத் திருப்ப முடியாது. காரின் மீட்டர் அப்படிப்பட்டதன்று. பழைய பல்சக்கர மீட்டரைத் திருகாணி கொண்டு திருப்பினார்கள். இப்போதைய மின்னணு மீட்டரில் எண் ஒரு நினைவகச் சில்லில் இருக்கிறது. ஒரு சிறு கருவியைச் செருகி வேண்டிய எண்ணை எழுதிவிடுகிறார்கள். இதற்குப் பிடிக்கும் நேரம் தேநீர் குடிக்கும் நேரம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அந்நாட்டில் பொய்யான மீட்டர் அளவோடு விற்கப்படுகின்றன.

அறிக்கை இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. தேதி கூடும்போது தூரமும் கூட வேண்டும். ஓரிடத்தில் குறைந்தால் மோசடி. நல்ல முறைதான், ஆனால் அதன் கண்ணியின் அகலத்தைப் பாருங்கள். 2017-இல் மீட்டர் 40,000 மைல் என்று ஒரு பதிவு. அதன்பின் கார் எங்கும் பதிவாகாமல் 1,10,000 மைல் வரை ஓடுகிறது. விற்கும் முன் மீட்டரை 62,000-க்குத் திருப்புகிறார்கள். உரிமைப் பத்திரத்தில் 62,000 என்றே ஏறுகிறது. அறிக்கையில் 40,000-க்குப் பின் 62,000, ஏறுவரிசை பிசகவில்லை, பச்சைக் குறி விழுந்துவிடும். இரு பதிவுகளுக்கு இடையே நடப்பதை இந்த வலை பிடிக்காது. வலை இறுக வேண்டுமானால் பதிவுகள் அடிக்கடி நிகழ வேண்டும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட நாடு பெல்ஜியம். 2004-இல் சட்டம் இயற்றி, 2006 முதல் 'கார்-பாஸ்' என்னும் சான்றிதழை அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பட்டறையானாலும் டயர்க் கடையானாலும் பரிசோதனை நிலையமானாலும், கார் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் மீட்டர் அளவைப் பொதுப் பதிவேட்டுக்கு அனுப்புவது கட்டாயம். பழைய கார் விற்பவர் அந்தச் சான்றிதழை வாங்குபவரிடம் கொடுக்காவிட்டால் விற்பனையே நிலைக்காது. தகவல் தருவது விருப்பமாக இல்லாமல் கடமையாக இருப்பதால் அந்த அறிக்கைக்கு வலு அதிகம். வெளிநாட்டிலிருந்து வரும் கார்களில்தான் அங்கே ஓட்டை இருக்கிறது. எல்லைக்கு அப்பால் ஓடிய தூரம் அவர்கள் பதிவேட்டுக்குப் பெரும்பாலும் தெரியாது அல்லவா?

பிரிட்டனில் மூன்று ஆண்டு நிரம்பிய கார்களுக்கு ஆண்டுதோறும் தகுதிப் பரிசோதனை உண்டு. 2005 முதல் அந்தப் பரிசோதனை விவரங்கள், மீட்டர் அளவு உள்பட, கணிப்பொறியில் ஏறியிருக்கின்றன. எவரும் காசில்லாமல் பார்க்கலாம். முதல் மூன்றாண்டுக்குள் மீட்டரைத் திருப்பினால் மட்டும் இந்தப் பதிவில் தடயம் இராது. அந்த மூன்றாண்டில்தான் வாடகைக் கார்கள் கண்மண் தெரியாமல் ஓடுகின்றன என்பதை மறக்கக் கூடாது.

அறிக்கை எதிர்த்திசையிலும் தவறும். எழுத்தர் 45,000 என்பதை 54,000 என்று தட்டிவிட்டால், அடுத்த முறை சரியான அளவு எழுதும்போது நேர்மையான உரிமையாளர் மோசடிக்காரராகத் தோன்றுவார். கடைத்தெருவில் ஒரு சைக்கிள் உரசியதும், நெடுஞ்சாலையில் லாரியோடு மோதியதும் சில பதிவுகளில் 'விபத்து' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். பையன் கடைசியில் வாங்கிய காரில் இப்படி ஒரு விபத்து பதிவாகியிருந்தது. விற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. பின் பம்பரை மாற்றிய ரசீதையும் புகைப்படத்தையும் எடுத்துக் காட்டினார். அறிக்கையில் கறை இருந்ததால் எழுநூறு டாலர் குறைவாகக் கிடைத்தது. கார் இன்றுவரை தொல்லை கொடுக்கவில்லை என்று எழுதுகிறான்.

காரே ஒரு பதிவேடுதான். அதைப் படிக்கும் கருவிகளும் உண்டு. பெயிண்ட்டின் கனத்தை அளக்கும் சிறு மானி ஒன்றை இன்று பல மெக்கானிக்குகள் வைத்திருக்கிறார்கள். இரும்புத் தகட்டில் காந்தத் தூண்டலாலும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தாலும் இது இயங்குகிறது. தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். மறுபூச்சு அடித்த கதவில் இது இரு மடங்காகும். பட்டி வைத்துத் தேய்த்த இடத்தில் ஆயிரத்தையும் தாண்டும். எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாமல் ரொக்கம் கொடுத்துச் செய்த வேலையை இந்த மானி மறப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. இருபதாயிரம் கிலோமீட்டரே ஓடியது என்று சொல்லும் 2016 மாடல் காரில் நான்கு டயரும் 2022-இல் செய்தவையாக இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம் நாட்டில்

இந்தியாவில் வண்டி எண்ணைக் கொடுத்தால் மத்திய அரசின் 'வாகன்' பதிவிலிருந்து பல விவரம் கிடைக்கும். பதிவான தேதி, எத்தனையாவது உரிமையாளர், தகுதிச் சான்றும் காப்பீடும் எந்தத் தேதி வரை, அடமானம் ஏதேனும் உண்டா என்பவற்றை 'எம்-பரிவாகன்' செயலியிலேயே பார்க்கலாம். களவு போன வண்டியா என்பதை அறிய தேசியக் குற்றப் பதிவேட்டு அமைப்பின் பதிவு இருக்கிறது. இவை நல்ல வசதிகள். கடன் முடியாத காரை ஏமாந்து வாங்குவதிலிருந்து மட்டுமே எத்தனையோ குடும்பங்களை இவை காத்திருக்கும்.

ஆனால் இந்த விவரங்களைச் சில தனியார் நிறுவனங்கள் வண்ணத்தாளில் அச்சிட்டு 'முழு வரலாறு' என்று தலைப்பிட்டு விற்கும்போது நாம் விழித்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் மீட்டர் அளவு இல்லை. விபத்துக்கு அதில் இடமே இல்லை. உரிமையாளர் காப்பீட்டுக் கம்பெனியிடம் வாங்கிய இழப்பீடு எவ்வளவு என்பது வாங்குபவர் பார்க்கும் பதிவில் இல்லை. 2015 டிசம்பரில் சென்னையிலும் புறநகரிலும் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அவற்றில் பல ஏலத்தில் கைமாறிப் பழுது பார்க்கப்பட்டுச் சாலைக்குத் திரும்பின. அவற்றின் ஆர்.சி.யில் நீரின் சுவடு ஒரு சொட்டும் இல்லை. அழிந்துபோன, இனி ஓட்ட இயலாத வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்லத்தான் செய்கிறது. தெரிவிக்காமல் விட்ட வண்டியின் ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும், களவுபோன அதே மாடல் காருக்கு மறுபிறவி கொடுக்கப் பயன்படுவது காவல்துறை பலமுறை கண்டறிந்த தந்திரம்.

தரகர்கள் அடிக்கடி காட்டும் சான்று ஒன்றையும் பார்த்துவிடுவோம். "பாலிசியைப் பாருங்கள், இழப்பீடு கேட்காததற்கு 50 சதவீதத் தள்ளுபடி போட்டிருக்கிறது, ஐந்து வருஷமாக ஒரு கீறல் இல்லை" என்பார்கள். முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவீதத்தை எட்டும் தள்ளுபடி அது என்பது உண்மை. ஆனால் அது வண்டிக்கு உரியது அன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்குபவர் தம் தள்ளுபடியைக் கூடவே எடுத்துச் செல்லலாம். ஆகவே இரண்டே வயதான காரின் பாலிசியில் 50 சதவீதம் இருந்தால், அது பெரும்பாலும் வேறொரு காரின் நற்சாட்சி! அந்தத் தாளைக் கேட்பதைவிட, ஒவ்வோர் ஆண்டின் பாலிசியையும் வரிசையாகக் கேளுங்கள். ஓராண்டு 35 சதவீதம் இருந்தது அடுத்த ஆண்டு சூனியம் ஆகியிருந்தால், இடையில் இழப்பீடு வாங்கியிருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அதேபோல் கம்பெனி சர்வீஸ் நிலையத்தின் பில்கள். அவற்றில் தேதியும் கிலோமீட்டரும் சேர்ந்தே இருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்ததும் பலர் தெருமுனை மெக்கானிக்கிடம் மாறிவிடுவதால், மூன்று நான்கு ஆண்டுக்குப் பின் இந்தத் தொடர் அறுந்துவிடும். விற்பவரிடம் கடைசி பில்லைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடுங்கள். தொடர் எந்த மாதத்தில் அறுந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னைக் காராக இருந்து, அறுந்த மாதம் 2015 நவம்பராக இருந்தால், ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.